தராசு சொன்ன கணக்கு

உடல் பருத்தவர்க்கு அறிவுரை கூற ஊரே திரண்டு வரும். காலையில் நடக்கச் சொல்வார் ஒருவர். நெய்ச்சோற்றை நிறுத்தச் சொல்வார் இன்னொருவர். உடல் மெலிந்தவர்க்கோ பெரும்பாலும் பாராட்டே கிடைக்கிறது. ‘இளமை திரும்பிவிட்டது’ என்பர். ‘தொந்தி வற்றிவிட்டது, இனிக் கவலையில்லை’ என்பர். விரும்பி முயன்று மெலிந்தவர் இப்பாராட்டுக்கு உரியவரே. விரும்பாமலும் முயலாமலும், தாமாகவே நாளுக்கு நாள் தேய்ந்து வருபவரைப் பாராட்டுவதோ, கூரையில் தீப்பற்றியிருக்க, விளக்கேற்றியிருக்கிறார்கள் என்று மகிழ்வதற்கு ஒப்பாகும். அவ்வாறு மகிழ்ந்தவர்களுள் நாமும் ஒருவர். அக்குற்றவுணர்வே இதனை எழுதத் தூண்டிற்று.

எம் காக்கா எம்மினும் ஒன்பது ஆண்டு மூத்தவர். தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியிலுள்ள எம் ஊரில் நாற்பது ஆண்டுகள் அரிசி மண்டி நடத்தியவர். எம்மூர் வழக்கப்படி மணமான நாள்முதல் மனைவி வீட்டிலேயே வாழ்பவர். ஆதலின், உடன்பிறந்தோராயினும் நாங்கள் ஒருவரையொருவர் காண்பது பள்ளிவாசலிலும் மண்டியிலுமாகவே அமைந்துவிட்டது. ஒருவரை நாள்தோறும் ஐந்து வேளை காண்பவன் அவரிடம் ஏற்படும் மாறுதலைக் காண்பதில்லை என்பதை நாம் பின்னரே உணர்ந்தோம்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நோன்புக் காலம். அஸருக்கு ஒளூச் செய்து கொண்டிருக்கையில் காக்காவின் விரலிலிருந்த வெள்ளி மோதிரம் கழன்று ஹவுளுக்குள் விழுந்துவிட்டது. முப்பது ஆண்டுகளாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கழலாத மோதிரம் அது. சிறுவன் ஒருவன் இறங்கி எடுத்துக் கொடுத்தான். காக்கா அதனைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, “நோன்பிலே இளைத்துவிட்டேன் தம்பி” என்றார். “நல்லதுதானே காக்கா! சர்க்கரைக்காரர்கள் இளைக்கத்தானே வேண்டும்” என்றோம் நாம். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டு வருபவர். நோன்பு, முதுமை, சர்க்கரை என்ற மூன்று காரணங்கள் கைவசம் இருந்ததால், நான்காவது காரணம் ஒன்றைத் தேட எவருக்கும் தோன்றவில்லை.

நோன்பினால் ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ குறைவதுண்டு. பெருநாள் கழிந்த சில வாரங்களில் அது திரும்பிவிடுவதும் உண்டு. காக்காவுக்குத் திரும்பவில்லை. சாரத்தின்மேல் கட்டும் பச்சைப் பெல்ட்டில் அவரே ஆணியடித்துப் புதிதாக இரண்டு ஓட்டைகள் போட்டிருந்தார். மாலையானால் உடம்பு கதகதவென்று இருக்கிறது என்றார். இருமல் என்று சொல்லத்தக்க இருமல் இல்லை. பக்கத்து நகரில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் சென்றார். சர்க்கரை கூடியிருக்கிறது என்று மாத்திரையின் அளவைக் கூட்டி, பசியெடுக்க ஒரு டானிக்கும் எழுதிக்கொடுத்து அனுப்பினார் அவர். எடை பார்க்கவில்லை. சர்க்கரை ஏன் திடீரென்று கூடிற்று என்ற கேள்வியும் அங்கே எழவில்லை.

ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் மண்டியில் அமர்ந்திருந்தோம். இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் காக்காவின் மகன், ஏதோ பழைய பாக்கியைத் தேடிப் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதன் கடைசிப் பக்கத்தில் காக்காவின் கையெழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. ஆண்டுதோறும் மார்ச் 31ஆம் நாள் கணக்கு முடித்தவுடன், மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று தம் எடையையும் பார்த்து எழுதிவைப்பது அவருடைய விளையாட்டு. ‘இருப்புச் சரக்கில் இதுவும் ஒன்று’ என்று சிரிப்பார். பல ஆண்டுகளாக 71, 72 என்றே எண்கள் மாறி மாறி இருந்தன. 2021இல் 71. அதற்கடுத்த வரியில், 2022இல், 66.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று மாலையே காக்காவைத் தராசில் ஏற்றினோம். 58 காட்டிற்று.

மூட்டைக்கு அரைக்கிலோ குறைந்தாலும் லாரியைத் திருப்பி அனுப்பும் கடை அது. அக்கடையின் உடையவரிடத்தில் பதின்மூன்று கிலோ குறைந்திருக்கிறது, எவரும் கேட்கவில்லை. மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முயற்சியின்றி, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், ஒருவருடைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறையுமாயின் அதற்குக் காரணம் தேடியே தீரவேண்டும் என்பது அக்கணக்கு. 71 கிலோவில் நூற்றுக்கு ஐந்து என்பது மூன்றரைக் கிலோவே. 66 என்று காக்கா தம் கையாலேயே எழுதிய நாளில், நோன்பு தொடங்கு முன்பே, அந்த எல்லை கடந்துபோயிருந்தது. நோன்பின் மீது நாங்கள் சுமத்திய பழி முழுவதும் பொய்ப்பழி.

அன்றிரவு வீட்டில் எவரும் ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் நெஞ்சிலும் அச்சொல்லே இருந்தது. புற்றுநோய் என்னும் அச்சம் ஒருவகையில் மனிதரை முடக்கிவிடுகிறது. ‘அதுவாக இருந்தால் என்ன செய்வது? தெரியாமலே இருந்துவிட்டால் என்ன?’ என்று மதினி அழுதார். உண்மையில் மெலிவுக்குரிய காரணங்களுள் புற்றுநோய் ஒன்றேயன்று. பெரும்பாலும் அதுவாகவும் இருப்பதில்லை. குணப்படுத்தத்தக்க காரணங்கள் அதனினும் பலவாக உள்ளன. அச்சத்தினால் ஒளிந்துகொள்பவர், குணமாகும் நோயையும் குணமாகாத நிலைக்கு வளர்த்துவிடுகிறார்.

எம்மிடம் பள்ளியில் பயின்ற மாணவி ஒருவர் அரசு மருத்துவமனையொன்றில் பொதுமருத்துவராகப் பணிபுரிகிறார். மறுநாள் காக்காவை அவரிடம் அழைத்துச் சென்றோம். “சார், சோதனைகளுக்கு முன்னால் கேள்விகள்” என்றார். முதற்கேள்வி, “நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறாரா, சாப்பிட முடியாமல் இளைக்கிறாரா?” என்பது. இந்த ஒரு கேள்வி பாதி வழியைக் காட்டிவிடும் என்று அவர் விளக்கினார்.

பசித்து உண்டும் உடல் தேய்கிறதென்றால் சில நோய்களே முன்னிற்கும். கட்டுக்கடங்காத சர்க்கரை நோயில் உண்ட உணவின் சத்துச் சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி மிகையாகச் சுரந்தால், அடுப்பில் விறகை அள்ளி அள்ளிப் போட்டாற்போல உடல் தன்னையே எரித்துக்கொள்கிறது. எம் தங்கை மகளுக்கு முன்பு அப்படித்தான் நேர்ந்தது. இரண்டு ஆள் உணவை உண்பாள், கை நடுங்கும், இரவில் நெஞ்சு படபடக்கும். ‘புகுந்த வீட்டில் என்ன குறையோ’ என்று ஊர் பேசிற்று. ஓர் இரத்தச் சோதனை அப்பேச்சை முடித்துவைத்தது. குடல் சத்தை உறிஞ்சாமையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

உண்ண மனமில்லாமல் மெலிபவரின் பட்டியல் நீளமானது. புற்றுநோய், குறிப்பாக வயிறு, குடல், கணையம் சார்ந்தவை. காசநோய் முதலிய நெடுநாள் தொற்றுகள். இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவை தளர்தல் எனப் பல. மருந்துகளே பசியைக் கெடுப்பதும் உண்டு. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் அவற்றுள் ஒன்று. மனச்சோர்வு இப்பட்டியலில் மிக முக்கியமானது; எம் நாட்டில் மிகக் குறைவாகவே கேட்கப்படுவதும் அதுதான்.

இவ்விரண்டிலும் அடங்காத காரணங்களும் உண்டு. உண்ண விருப்பம் இருக்கும், வாய் ஒத்துழையாது. எம் தெருவில் முதியவர் ஒருவர் மனைவியை இழந்தபின் எலும்பும் தோலுமானார். துயரம் என்றே அனைவரும் எண்ணினோம். துயரம் இருந்தது மெய்யே. அதனுடன் பொருந்தாத பல்செட்டும் இருந்தது. மெல்ல முடியாமல் தேநீரில் ரொட்டியை நனைத்துத் தின்றே நாட்களைக் கழித்திருக்கிறார். பல்செட்டை மாற்றி, மதிய உணவுக்கு மகள் வீட்டில் பேரர்களோடு அமரவைத்தார்கள். ஆறு மாதத்தில் ஆள் தேறினார். தனியே உண்பவர் குறைவாகவே உண்பார். இதனை மருத்துவ நூல்களும் ஒரு காரணமாகவே குறித்து வைத்திருக்கின்றன.

கேள்விகள் முடிந்தபின் சோதனைகள் வந்தன. இரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், சுண்ணாம்புச் சத்து, சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். எல்லாம் எளியவை, அரசு மருத்துவமனையில் செலவில்லாதவை. கண்ணை மூடிக்கொண்டு பெருஞ்செலவுச் சோதனைகளை அடுக்குவதால் பயனில்லை, முதற்சோதனைகள் காட்டும் திசையிலேயே அடுத்த அடியை வைக்க வேண்டும் என்றார் மருத்துவர். முழுமையாகச் சோதித்தும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் காரணம் அகப்படுவதில்லையாம். அத்தகையோரை ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடாமல், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மீண்டும் அழைத்து எடை பார்க்க வேண்டும் என்பது முறை.

காக்காவின் எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலின் அடிப்பகுதியில் ஒரு நிழல் தெரிந்தது. சளியை எடுத்து மூலக்கூற்றுச் சோதனைக்கு அனுப்பினார்கள். ட்ரூநாட் என்னும் அச்சோதனைக் கருவி நம் நாட்டிலேயே உருவானது. சில மணி நேரத்தில் விடை வந்தது. காசநோய்.

மருத்துவர் அதனைச் சொன்னபோது எங்களுக்கு ஏற்பட்டது துயரமா, ஆறுதலா என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. அஞ்சிய சொல் இதுவன்று. ஆயினும் இதுவும் அஞ்சத்தக்க சொல்லே. நம் முன்னோர் இந்நோய்க்கு எலும்புருக்கி என்று பெயரிட்டனர். வடமொழியாளர் க்ஷயம், அதாவது தேய்வு, என்றனர். கிரேக்கர் இட்ட பெயருக்கும் தேய்தல் என்பதே பொருள். கிருமி இன்னதென்று 1882இல் ராபர்ட் காக் கண்டு சொல்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மனிதன் இந்நோயை அதன் மெலிவைக் கொண்டே அடையாளம் கண்டிருந்தான். பெயரிலேயே எழுதிவைத்திருந்த செய்தியை நாம்தாம் படிக்கத் தவறினோம்.

சர்க்கரை நோய் உள்ளவர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு, இல்லாதவரைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதி. காசநோய் வந்தாலோ சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் ஏறும். ஒன்று மற்றொன்றின் பின்னே ஒளிந்துகொள்கிறது. சர்க்கரை மாத்திரையைக் கூட்டிய முதல் மருத்துவர் கண்டது நிழலை. நிழலுக்குரிய உருவம் வேறிடத்தில் நின்றது.

நோயினால் உடல் ஏன் இப்படிக் கரைகிறது என்று வினவினோம். பசியின்மையால் மட்டும் அன்று என்றார் மருத்துவர். பட்டினி கிடப்பவனின் உடல் சிக்கனக்காரன். கொழுப்பை முதலில் செலவிட்டுத் தசையை இயன்றவரை காத்துவைக்கும். நோய்த்தேய்வோ வேறு. கிருமியோடு போரிட உடல் சில பொருள்களைச் சுரக்கிறது. அவையே பசியை அடக்குகின்றன. தசையையும் சேர்த்து உருக்கி எரிக்கின்றன. அவற்றுள் ஒன்றை ஆராய்ந்த இருவேறு குழுவினர், ஒருவர் அதனை உடலைத் தேய்க்கும் பொருள் என்றும் மற்றவர் கட்டியை அழிக்கும் பொருள் என்றும் பெயரிட்டிருந்தனர். இரண்டும் ஒன்றே என்பது 1985இல் தெளிவாயிற்று. கோட்டையைக் காக்க நிற்கும் படையே கோட்டையின் களஞ்சியத்தைத் தின்று தீர்ப்பது போன்றது இது. படைக்கு வேலையில்லாமற் செய்தாலன்றி, அதாவது நோயை அடக்கினாலன்றி, களஞ்சியம் நிரம்பாது.

இவ்விடத்தில் எம் தாய்மாமாவை நினையாதிருக்க முடியவில்லை. 1994இல் இரைப்பைப் புற்றுநோயால் அவர் மாண்டார். கடைசி இரண்டு மாதமும் அவ்வீட்டில் ஓயாத போர். மாமி கஞ்சியோடு வருவார். ஆட்டுக்கால் சூப்போடு மகள் வருவாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ‘சாப்பிட்டால்தானே பிழைப்பீர்கள்! எங்களுக்காகவாவது ஒரு வாய்’ என்று நாமே அவரைக் கடிந்திருக்கிறோம். சாப்பிட மறுத்து அவர் எங்களைக் கைவிடுகிறார் என்ற எண்ணம் எங்களுக்கு. முற்றிய புற்றுநோயில் உண்டாகும் தேய்வு உணவை மட்டும் கொண்டு மீளாது என்பதை அப்போது எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. அத்தகையோர்க்குச் சிறிது சிறிதாக, விரும்பியதை, விரும்பிய நேரத்தில் தருவதும், வாய்ப்புண், வாந்தி, மலச்சிக்கல், வலி ஆகியவற்றைத் தணிப்பதும், இயன்றவரை எழுந்து நடக்க வைப்பதுமே முறை. பசியைத் தூண்டும் மருந்துகளும் சில உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்று, ஓலன்சபின் என்னும் மனநல மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்தபோது புற்றுநோயாளர் பலர்க்குப் பசியும் எடையும் கூடியதைக் காட்டிற்று. எம் மாமாவின் காலத்தில் இவையெல்லாம் இல்லை. ஆனால் அவரை அவர் போக்கில் விட்டு, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்க அன்றும் எங்களால் முடிந்திருக்கும்.

காக்காவின் நிலை வேறு. இது மருந்துக்கு அடங்கும் தேய்வு. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்புடால் என்னும் நான்கு மருந்துகள் இரண்டு மாதம். பின்னர் மூன்று மருந்துகள் நான்கு மாதம். நான்கும் ஒரே மாத்திரையில் அடங்கியிருக்க, எத்தனை மாத்திரை என்பதை எடையே முடிவு செய்கிறது. 58 கிலோவுக்கு நாளொன்றுக்கு நான்கு. மருந்து தொடங்கிய மறுநாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிற்று என்று காக்கா திடுக்கிட்டார்; அது ரிஃபாம்பிசினின் நிறமென்று முன்பே சொல்லியிருந்தும் கேட்டவர் எவரும் நினைவில் வைக்கவில்லை. அம்மருந்து பல சர்க்கரை மாத்திரைகளின் வலிமையைக் குறைத்துவிடும் என்பதால் அவருக்குத் தற்காலிகமாக இன்சுலின் தரப்பட்டது. காசநோயாளர் அனைவருக்கும் செய்வதுபோல் எச்.ஐ.வி. சோதனையும் செய்தார்கள். அவர் முகம் சுருங்கிற்று. “காக்கா, இது எல்லாருக்கும் செய்வது” என்றோம். இந்தியாவில் அக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டறிந்தனர். அக்கிருமியும் உடலைத் தேய்ப்பதில் காசநோய்க்கு இளைத்ததன்று. சந்தேகப்பட்டுக் கேட்கிறார்களே என்று கூசாமல், தவறவிடலாகாதே என்று கேட்கிறார்கள் எனக் கொள்வதே அறிவுடைமை. சோதனையில் ஒன்றுமில்லை.

முதல்நாள் காக்காவின் உயரம், எடை, காலில் வீக்கம், மூச்செண்ணிக்கை, இரத்தத்தில் உயிர்வளி, பிடிமானமின்றி எழுந்து நிற்கும் வலிமை ஆகிய அனைத்தையும் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் அவ்வாண்டுதான் தொடங்கப்பட்டிருந்த ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ வகுத்த முறை இது. மிகவும் மெலிந்தவர்களும் மூச்சுத் திணறுபவர்களுமே முதல் சில வாரங்களில் மிகுதியாக இறக்கிறார்கள் என்பதால், அத்தகையோரை உடனே பிரித்தெடுத்து மருத்துவமனையில் சேர்த்துக்கொள்கிறார்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்க்கு உணவைத் திடீரென்று அள்ளிக் கொடுப்பதும் ஆபத்து என்பதை அங்கேதான் அறிந்தோம். நெடுநாள் பட்டினியில் இருந்த உடலுக்குள் உணவு வெள்ளமாகப் புகும்போது இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுவிடக்கூடும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் மீட்கப்பட்ட பட்டினிக் கைதிகள் பலர், உணவு கிடைத்தபின் மாண்டது இவ்வாறுதான். ஆகவே தயமின் என்னும் உயிர்ச்சத்தை முன்னிட்டு, உணவைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். காக்கா அந்நிலைக்குச் செல்லவில்லை. வீட்டிலிருந்தே மருந்துண்ண விட்டார்கள்.

வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்த பெருமை சென்னைக்கு உரியது. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் அமைத்த காலத்தில் ஓய்வும் காற்றும் சத்துணவுமே மருந்தெனக் கருதப்பட்டன. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம், ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, ஏறத்தாழப் பாதிப்பேரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தது. சானடோரியத்தில் இருந்தோர் நன்றாக உண்டனர். வீட்டில் இருந்தோர் குறைவாக உண்டு, வேலையும் செய்தனர். ஆயினும் இருசாராரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தனர் என்று 1959இல் முடிவு வெளியாயிற்று. மருந்தே முதன்மை என்பது நிலைபெற்றது.

அதனால் உணவு வேண்டாம் என்றாகிவிடாது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்து 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 2,800 நோயாளர்க்கு மருந்தோடு மாதந்தோறும் உணவுப்பொருள் வழங்கினர். முதலிரண்டு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை கூடியவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவாக இருந்தது. நோயாளரின் வீட்டாருக்கும் அரிசியும் துவரம்பருப்பும் கொடுத்த குடும்பங்களில், புதிதாக நோய் காண்பது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று நடத்திய ஆய்வு அது. நாற்பது ஆண்டு அரிசி விற்றவரிடம் இதனைச் சொன்னபோது, “அரிசிக்கு இப்படியும் ஒரு விலையா!” என்று வியந்தார். நடுவண் அரசு 2018 முதல் நோயாளர்க்கு உணவுக்கென மாதம் 500 ரூபாய் அளித்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாயிற்று. தமக்கு வந்த தொகையைக் காக்கா தாம் வைத்துக்கொள்ளவில்லை; மருந்து வாங்க வரும் கூலித்தொழிலாளி ஒருவருக்கு முட்டையும் பயறும் வாங்கிக் கொடுத்தார்.

இனிச் சொல்லவேண்டியதே எமக்குக் கடினமானது. காக்காவின் பேத்திக்கு அப்போது திருமணம் உறுதியாகியிருந்தது. நோயின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று வீட்டார் முடிவு செய்தார்கள். ‘நுரையீரலில் சளி, ஆறு மாத மருந்து’ என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு. மதினி எம்மிடம், “நீங்களும் அப்படியே சொல்லுங்கள். பெண்பிள்ளை வாழ்க்கை” என்று கைகூப்பாத குறையாகக் கேட்டார்கள். நாமும் சம்மதித்தோம்.

மூன்றாம் நாள் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். உடன் வாழ்வோர் அனைவரையும் சோதிக்கவேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை முதலில், என்றார். அவ்வீட்டில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று உண்டு. காக்காவின் மடியிலேயே உறங்கும் பிள்ளை. அதன் தாய், ‘ஊசி, சோதனையென்று அலைந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும், குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தயங்கினாள். அப்போதுதான் எமக்கு உறைத்தது. ‘நல்லதுதானே காக்கா’ என்று முன்பு சொன்ன அதே வாய், இப்போது மறைப்புக்கும் ஒப்புதல் அளித்திருக்கிறது. முன்னது அறியாமை, இதனை அறியாமை என்று சொல்லித் தப்ப இயலாது.

காக்காவிடமே சென்று சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “தம்பி, சரக்கில் பழுது இருந்தால் சொல்லித்தான் விற்றிருக்கிறேன்” என்றார். மறுநாள் மகனை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குத் தாமே போனார். முகத்தில் துணி கட்டியபடி வாசல் திண்ணையிலேயே அமர்ந்து நோயின் பெயரைச் சொன்னார். மாப்பிள்ளையின் பாட்டனார் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடுகிறீர்களா?” ஆமென்றதும், “அப்படியானால் நாளைத் தள்ளிவைப்போம், நீங்கள் தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்” என்றார். எல்லா வீடுகளிலும் இவ்வாறு முடியும் என்று நாம் சொல்ல வரவில்லை. முறிந்துபோன சம்பந்தங்களையும் அறிவோம். முறிந்திருந்தாலும் குழந்தையைச் சோதித்தே ஆகவேண்டும் என்பதில் காக்கா உறுதியாக இருந்தார். குழந்தைக்கு நோயில்லை, தடுப்பு மருந்து தொடங்கினார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களும் சோதனைக்குச் சென்றார்கள்.

இரண்டு மாதத்தில் காக்காவின் எடை 61 ஆயிற்று. மாலைக் காய்ச்சல் அதற்கு முன்பே நின்றிருந்தது. பசி திரும்பிய முதல்நாள், ஆறிப்போன இடியாப்பத்தைக் கேட்டு வாங்கி நின்றபடியே தின்றதை மதினி கண்ணீரோடு சொன்னார்கள். எடை கூடுவது மட்டும் போதாது, கூடுவது தசையாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், பருப்பும் முட்டையும் மீனும் உணவில் சேர்த்ததோடு, காலையில் கடற்கரை வரை நடையும் நாற்காலியில் அமர்ந்து எழும் பயிற்சியும் தொடங்கினார். ஆறாம் மாத முடிவில் 67. சளியில் கிருமி இல்லை. 2023இல் பேத்தியின் திருமணம் நடந்தது.

அன்புள்ள வாசகர்களுக்கு நாம் கூற விழைவது சிறிதே. வீட்டிலுள்ள முதியோரின் எடையை மாதம் ஒருமுறை பார்த்து எழுதிவையுங்கள். எழுதியதைப் பிறிதொருவர் படிக்கட்டும். காக்கா எழுதினார், படிப்பார் இல்லை. தராசு இல்லையேல் கழலும் மோதிரமும், நெகிழும் பெல்ட்டும், தோளில் தொங்கும் சட்டையும் தராசு வேலையைச் செய்யும். மெலிவைக் கண்டால் டானிக்கைத் தேடுமுன் காரணத்தைத் தேடுங்கள். முதுமை என்பது மெலிவுக்கு விடையாகாது.

இவ்வாண்டுப் பேரேட்டின் கடைசிப் பக்கத்திலும் மார்ச் 31ஆம் நாள் ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது. 69. கீழே மகன் கையொப்பமிட்டிருக்கிறார். அதன் கீழே நாமும் கையொப்பமிட்டோம். மோதிரம் காக்காவின் விரலுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் ஒளூச் செய்யும்போது அவர் இப்போதும் அதை மறுகையால் ஒருமுறை திருகிப் பார்த்துக்கொள்கிறார்.